எட்டுச் சாண் நிழல்

மூன்று வாளித் தண்ணீரை ஊற்றிவிட்டு லதிகா நிமிர்ந்து பார்த்தபோது மண் நனைந்திருக்கவில்லை. வழிந்து ஓடியிருந்தால் மதிலடியில் ஈரக்கோடு தெரிய வேண்டும், உள்ளே இறங்கியிருந்தால் மேல்மண்ணாவது கறுத்திருக்க வேண்டும், இரண்டும் இல்லை. போன வாரம் நட்ட மஞ்சளைச் சுற்றியிருந்த செம்மண் புழுதி, அவளுடைய பழைய கால்தடம்கூடக் கலையாமல் அப்படியே கிடந்தது. விரலை விட்டுப் பார்த்தாள். இரண்டு கணு ஆழம் வரைக்கும் வெதுவெதுப்பான தூள். விரலை மோந்தபோது பல வருஷம் திறக்காத பெட்டியின் வாசனை வந்தது.

பலாமரம் குடித்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மேலே பலா, ஒரு பக்கம் வெட்டுக்கல் மதில், இன்னொரு பக்கம் வீட்டுச் சுவர். அந்தத் தெற்கு மூலையில் வெயிலும் விழாது, ஈரமும் தங்காது.

“லது,” என்று ஜன்னலுக்குள்ளிருந்து சுகதன் கூப்பிட்டான். “நேத்து மத்தியானம் அங்க என்ன பண்ணிக்கிட்டிருந்தே?”

“எங்க?”

“இதே இடத்துலதான். முதுகைக் காட்டிக்கிட்டுக் குத்தவச்சு உக்காந்திருந்தே. நாலு தடவை கூப்பிட்டேன். சரி, பொண்டாட்டிக்குக் காதும் போச்சு, ஜோடிப் பொருத்தம் பிரமாதம்னு விட்டுட்டேன்.”

நேற்று மத்தியானம் அவள் ரேஷன் கடை வரிசையில் நின்றிருந்தாள். சொல்ல வாயெடுத்தவள், மாத்திரை மயக்கத்தில் கண்ட கனவாக இருக்கும் என்று சிரித்து மழுப்பிவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு போனாள்.

சுகதன் வீடுகளுக்குப் பெயின்ட் அடிக்கிறவன். ஆறு மாதத்துக்கு முன்னால் இரண்டாம் மாடி உயரத்தில் சாரம் சரிந்து விழுந்தான், கழுத்துக்குக் கீழே எல்லாம் நின்றுவிட்டது. பேச்சுக்கு மட்டும் அடி படவில்லை. மாடி வீட்டில் அவனை வைத்துப் பார்க்க முடியாது என்றுதான் இந்தத் தரைவீட்டுக்கு வாடகைக்கு வந்தார்கள். ஆஸ்பத்திரிக் கட்டில் நுழையும் அகலத்தில் கதவு இருந்தது தெற்கு அறைக்கு மட்டும்தான். அங்கேயும் ஜன்னலோரம் தவிர வேறெங்கும் அதைப் போட வழியில்லை. விடிந்ததிலிருந்து இருட்டுகிறவரை அவனுக்கு உலகம் என்பது அந்த ஜன்னல் காட்டுகிற மூலைதான்.

அவர்கள் வந்தபோது அங்கே ஒரு தென்னை நின்றது. இருபது வயது இருக்கும், ஒன்றரை ஆள் உயரம்கூட இல்லை. மஞ்சள் பாய்ந்த நாலு மட்டை, குரும்பை கண்டதில்லை.

“காலைல எழுந்ததும் இந்த மஞ்சப் பய மூஞ்சியிலயே முழிச்சா எனக்கே காமாலை வந்துரும், லது,” என்பான் சுகதன்.

அந்தச் சீமையில் பிறந்த யாருக்கும் இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. வெயில் விழாத இடத்தில் யாரும் காய்ப்புக்காகத் தென்னை வைக்கமாட்டார்கள். வீட்டுக்குத் தெற்கே நிழலில் ஒற்றைத் தென்னை நின்றால் அது யாரோ ஒருவருடையது. சொந்த வீட்டு வளவிலேயே எரித்து, எலும்பு பொறுக்கிய பிறகு, அந்தக் குழியில் மகனோ கணவனோ ஊன்றிய தென்னம்பிள்ளை. லதிகாவுக்கும் தெரியும், மரம் வெட்ட வந்த ஷாஜிக்கும் தெரியும். அவன் அரிவாளைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்.

“வீட்டுக்காரர்கிட்ட கேட்டீங்களா சேச்சி?”

“கேட்டாச்சு. வெட்டிக்கச் சொன்னார்.”

பஹ்ரைனில் இருக்கும் வீட்டுச் சொந்தக்காரரை அவள் கூப்பிடவே இல்லை. செத்தவர்களுக்கு எதற்கு இடம், உயிரோடு இருக்கிறவனுக்குத்தானே கொஞ்சம் வெளிச்சம் வேண்டும் என்று ஒரு நியாயத்தையும் தயார் செய்து வைத்திருந்தாள். ஷாஜி வேரையும் கிளறி எடுத்து, மண்ணை மூடி, போட்டுவைத்த கட்டஞ்சாயாவைத் தொடாமல் போனான்.

அதற்குப் பிறகு அந்த மூலைக்கு என்ன வைப்பது என்பதே இரண்டு பேருக்கும் பேச்சாகிப் போனது. உடம்பு துடைக்கும்போதும் கஞ்சி ஊட்டும்போதும் அவன் ஆரம்பிப்பான், “லது, இங்க என்ன வைக்கலாம்?” பெயின்ட்காரனுக்குப் பச்சையில் நாற்பது தினுசு தெரியும். கரும்பச்சை ஆஸ்பத்திரித் திரையை ஞாபகப்படுத்தும், கிளிப்பச்சை கட்சி ஆபீஸ் மாதிரி இருக்கும், வாழைக்குருத்துப் பச்சைதான் வேண்டும் என்பான். அவளுக்கு அந்தப் பேச்சு தேனாக இருந்தது. ஏனென்றால் மூன்றாம் மாதத்தில் இதே வாய் சோற்றை மறுத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தது, என்னை விட்டுவிட்டு உன் அண்ணன் வீட்டுக்குப் போ என்று சொன்னது. அந்த மூலையில் ஏதாவது ஒன்று துளிர்த்துவிட்டால் இந்த மனுஷனும் இருந்துவிடுவான் என்று அவள் மனதார நம்பினாள்.

திருப்பத்தில் நர்சரி வைத்திருக்கும் ரோஸிலிச் சேச்சியிடம் போய்க் கேட்டபோது அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

“வெயில் இல்லாட்டி தண்ணி வேணும், தண்ணி இல்லாட்டி வெயில் வேணும். ரெண்டும் இல்லாம உக்காந்த இடத்துல வளர்றதுக்கு அது என்ன செடியா கொச்சே, என் மருமகளா?”

ஆனாலும் கொடுத்தாள். மஞ்சள் போனதும் கூவைக்கிழங்கு, அப்புறம் பெரணி, சேம்பு. கடைசியில் கல்லிடுக்கில்கூடப் பிழைத்துக்கிடக்கும் மருள் கற்றாழை. இதுவும் போனால் உன் கையில்தான் ஏதோ கோளாறு என்று சொல்லிக் கொடுத்தாள். அதுவும் போயிற்று. பழுக்கவில்லை, வாடவில்லை, அழுகவில்லை. காலையில் பார்த்தால் நின்றது நின்றபடி பப்படமாகக் காய்ந்திருக்கும். தொட்டால் பொடிந்துவிடும், கீழே வேர் இருந்த இடத்தில் வெறும் தூள் இருக்கும்.

குழியும் சரியில்லை. லதிகா வீட்டிலேயே நைட்டி தைக்கிறவள், எதையும் சாண் போட்டு அளக்கிற பழக்கம் கையிலேயே இருந்தது. மஞ்சளுக்கு அவள் தோண்டியது ஒரு சாண். காய்ந்த செடியை எடுக்கப் போனபோது குழி இரண்டு சாண் இருந்தது. மூடிவிட்டு வேறு செடி வைத்தாள். அடுத்த தடவை மூன்று. பெருச்சாளி என்று சொல்லிக்கொண்டாள், ஆனால் எந்தப் பெருச்சாளியும் கத்தரி வைத்து வெட்டிய மாதிரி நேராக ஓரம் வெட்டாது. அகலம் மாறவே இல்லை. நீளம் மட்டும், மதிலிலிருந்து ஜன்னலைப் பார்த்து, ஒரு சாண் ஒரு சாணாக வந்துகொண்டிருந்தது.

சுகதன் வேடிக்கையாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தான். உன் தங்கச்சி இன்றைக்கும் வந்தாள், உன்னைவிட நல்ல வேலைக்காரி, ஒரு மணி அடித்தால் ஆஜர். பிறகு தங்கச்சி இல்லை என்றான், வயசான பொம்பளை. ஈரத்தலை. கையில் ஒரு குவளை. மண்ணில் சாய்த்துச் சாய்த்து ஊற்றுகிறாள், ஆனால் அதிலிருந்து ஒன்றும் விழக் காணோம். ஒரு நாள் அவன் சிரிக்கவில்லை.

“இன்னிக்கு அவ கொஞ்சம் திரும்பினா, லது.”

மறுநாள் லதிகா தையல் மெஷினை அந்த அறைக்கே இழுத்துப் போட்டுக்கொண்டு காவல் இருந்தாள். வைகாசி வெக்கை, மின்விசிறி சுற்றுகிற மட்டுக்கும் ஒரு காற்று, தூரத்தில் எங்கோ மீன்காரன் கூவிக்கொண்டு போகிறான், பலாவில் வெடித்துப்போன ஒரு பழத்தின் வாடையை ஈக்கள் சுமந்துகொண்டு வந்து வந்து போகின்றன, சுகதனின் போர்வை ஓரம் மெதுவாக அசைகிறது. ஒரு மணி தாண்டியது. குவளை ஒன்று வாளியின் அடியைச் சுரண்டும் சத்தம் கேட்டது. பிறகு தண்ணீர் விழும் சத்தம். மறுபடியும் சுரண்டல், மறுபடியும் தண்ணீர். ஜன்னலுக்கு வெளியே மண்ணும் மதிலும் மட்டும்தான் இருந்தன. அவள் சுகதனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் கண்கள் எதையோ பின்தொடர்ந்துகொண்டிருந்தன. மூலையிலிருந்து எழுந்து, ஜன்னலை நெருங்கி, கம்பிக்கு அருகே வந்து அந்தப் பார்வை நின்றது.

அறைக்குள் பெட்டி வாசனை.

“என்ன பார்க்கிறீங்க ஏட்டா?”

“ஒண்ணுமில்ல,” என்றான் அவன். அவளுக்காகச் சொன்ன பொய் என்று அவளுக்குத் தெரிந்தது.

வைகாசி நடுவில் தொடங்கும் இடவப்பாதி மழை ஒரு வாரம் முன்னதாகவே வந்துவிட்டது. ஓடு, முற்றம், பாதை எல்லாம் தண்ணீர்க்காடு. மழை விட்டால் ஆற்றின் இரைச்சல் வீடு வரைக்கும் கேட்டது. இரண்டாம் நாள் லதிகா குடையோடு மூலைக்குப் போய்ப் பார்த்தாள். பலாவின் இலைகளிலிருந்து கயிறு கயிறாகத் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. சுற்றிலும் கணுக்கால் சேறு. நடுவில் நேரான நாலு ஓரத்தோடு ஒரு நீளத் துண்டு மண் காய்ந்து கிடந்தது. மழைத்துளி அதன் மேல் விழுவதைக் கண்ணால் பார்த்தாள், விழுந்த இடத்தில் புழுதி எழும்பி அடங்கியது. குனிந்து சாண் போட்டாள். தப்பாக இருக்கும் என்று திரும்பவும் போட்டாள்.

ஏழு சாண். அவரவர் உடம்பு அவரவர் கைக்கு எட்டுச் சாண்.

கொட்டும் மழையில் நர்சரிக்கு ஓடினாள். ரோஸிலி தார்ப்பாயின் கீழே உட்கார்ந்து தென்னை நாற்றுகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அந்த வீட்டில் முன்னே யார் இருந்தது என்று லதிகா பொதுவாகக் கேட்கிற மாதிரிக் கேட்டாள்.

“கார்த்தியாயனியம்மா. இப்ப இருக்கிற வீட்டுக்காரனோட அம்மா. போய் இருபது வருஷமாச்சு. உன் புருஷன் கிடக்கிற அதே ரூம்லதான் கிடந்தாங்க. தொண்டை அடைச்சுப் போய், கடைசி பதினஞ்சு நாள் சொட்டு இறங்கல. தண்ணி தண்ணின்னே போனாங்க பாவம்.” ரோஸிலி சிலுவை போட்டுக்கொண்டாள். “நல்ல மனுஷி. ஆணு பொண்ணு பேதமில்ல, எல்லாரும் அவங்களுக்கு மக மாதிரி, ‘மோளே’தான். மீசை வச்ச தபால்காரரையும் மோளேன்னுதான் கூப்பிடுவாங்க. மகன் தெக்கால தென்னம்பிள்ளைய வச்சுட்டு ஒரே வாரத்துல பிளேன் ஏறிட்டான். அந்தத் தென்னை நிக்குதில்ல?”

இந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஒரு பொய் சொன்னவளுக்கு அடுத்த பொய் நாக்கு நுனியில் இருக்கும்.

“நிக்குது.”

“நிக்கட்டும். எங்களுக்குக் கல்லறை, உங்களுக்குத் தென்னை. அதுவும் இல்லேன்னா பாவம் அவங்க எங்க போவாங்க, வீட்டுக்குள்ளதான் வரணும்.”

“அது பட்டுப்போனா வேற வைக்கலாமா சேச்சி?”

“அதென்ன பூச்செடியா மாத்தி மாத்தி வைக்க? தெக்கால ஒருத்தருக்குன்னு வச்சா அந்த ஒருத்தர் மண்ணுக்குக் கீழ இருக்கணும், வச்சவங்க மேல இருக்கணும். அதான் முறை.”

லதிகா ஒரு தென்னம்பிள்ளையைக் கேட்டு வாங்கினாள். முன்வாசலுக்கு என்றாள். தென்னையை வைத்தவன் தின்றுவிட்டுச் சாவான், நல்லா இரு கொச்சே என்று ரோஸிலி வாழ்த்தி அனுப்பினாள்.

அன்று சாயங்காலமே அந்தக் காய்ந்த மண்ணில் அதை ஊன்றினாள். இது உங்களுக்கு அம்மா, உங்கள் இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள், தெரிந்துதான் செய்தேன், மன்னித்துவிடுங்கள். வாய்விட்டு மூன்று தடவை சொன்னாள். விடிவதற்குள் ஒரு ஓலை விரிந்திருந்தது. வெளிச்சமில்லாத அந்த மூலையில், மழை நனைக்காத அந்த மண்ணில், கேட்டு வாங்கின மாதிரி வாழைக்குருத்துப் பச்சை. சுகதன் வெகுநேரம் பார்த்துக்கொண்டே கிடந்தான்.

“தென்னையா வச்சே?”

“அழகுக்குத்தான்.”

அன்று ஒரு மணிக்கு யாரும் வரவில்லை, குவளைச் சத்தம் கேட்கவில்லை. லதிகா பல நாளைக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டாள்.

அடுத்த நாள் காலையில் சுகதன் தண்ணீர் கேட்டான். கொடுத்தாள். குடித்துவிட்டு மறுபடி கேட்டான். ஒரு செம்பு, இரண்டு செம்பு. உதடு நனையவே இல்லை. மத்தியானத்துக்குள் நாக்கு தடித்துப் பேச்சு குழறியது. கஞ்சித்தண்ணியை ஸ்பூன் ஸ்பூனாக ஊற்றினாள், வாய்க்குள் போனது, எங்கே போனது என்று தெரியவில்லை. வாயோரத்தைத் துண்டால் துடைத்தபோது துண்டில் செம்மண் ஒட்டியது. வெளியே தென்னம்பிள்ளை இரண்டாவது ஓலையை விரித்திருந்தது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கார்த்தியாயனியம்மா இனி அந்த மண்ணில் இல்லை. தென்னையை வெட்டிய அன்றைக்கே வெளியே வந்தாயிற்று. வெளியே வந்தவளுக்காகக் காலிக் குழியில் ஒரு பிள்ளையை ஊன்றியிருக்கிறாள். வைத்தது இவள், மேலே இருக்க வேண்டியவள். கீழே போக இந்த வீட்டில் இன்னொரு ஆள்தான் உண்டு. தன் தலையில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டாள் என்பார்களே, அவள் அவன் தலையில் போட்டிருந்தாள்.

அண்ணனுக்குப் போன் போட்டாள். பாலத்துக்கு மேல் தண்ணீர் போகிறது, ஜீப் இந்தப் பக்கமே நிற்கிறது, நாளைக்குக் காலையில் எப்படியும் வந்துவிடுகிறேன் என்றான். ஆம்புலன்சுக்குப் போட்டாள், அவர்களும் அதையே சொன்னார்கள். அவனைத் தூக்கிக்கொண்டு போகலாம் என்று ஒரு பைத்தியக்கார யோசனையில் கட்டிலைப் பிடித்து இழுத்தாள். ஒரு விரற்கடை நகர்ந்தது. தனியாக அவள் ஓடிவிடலாம், இடுப்பளவுத் தண்ணீர்தான், நீந்தத் தெரியும். அந்த நினைப்பு வந்ததற்காக அவள் வெட்கப்பட்டாள். சுகதனின் கன்னம் இரண்டும் உள்ளே போயிருந்தன. நாளைக்குக் காலை வரைக்கும் தாங்காது.

மழைக்குள் ஓடினாள். தென்னம்பிள்ளையின் தண்டை இரண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. இன்னும் பலமாக இழுத்தாள்.

ஜன்னலுக்குள்ளே ஒரு அலறல். “லது... கழுத்து...”

விட்டாள். அவன் இருமி இருமி மூச்சைப் பிடித்தான். அவள் சேற்றில் உட்கார்ந்து அழுதாள். மழை அவள் மேல் கொட்டியது, அவள் முட்டிக்கு முன்னால் அந்த ஏழு சாண் மண் தூசியாகக் கிடந்தது.

வைத்தவர் மேலே, வைக்கப்பட்டவர் கீழே. அப்படியானால் வைத்த கையை மாற்றினால்?

யோசனை வந்த அந்த நிமிஷமே, தண்டின் மேல் மறுபடி சும்மா வைத்த கையோடு பிள்ளை வந்துவிட்டது. வேரோடு, களை பிடுங்குகிற லேசில் வந்தது. அது அவளுக்கு விசித்திரமாகப் பட்டிருக்க வேண்டும். படவில்லை. அவள் சந்தோஷத்தில் இருந்தாள்.

பிள்ளையைக் கொண்டுபோய் அவன் மார்பின் மேல் வைத்தாள். அவன் வலது கையை எடுத்து, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, மட்டையைச் சுற்றிப் பிடிக்க வைத்தாள். இடது கைக்குள் ஒரு பிடி மண்.

“இது நீங்க வைக்கிறீங்க ஏட்டா. நான் கொண்டுபோய் இறக்குறேன், அவ்வளவுதான்.”

குழிந்த கண்களோடு அவன் அவளைப் பார்த்தான். அவனும் அதே சீமையில் பிறந்தவன்.

“தெக்காலயா?... யாருக்கு?”

அவள் அவன் விரல்களை இன்னும் இறுக்கி மூடினாள்.

“யாருக்குடி?”

“எனக்கு.”

அவன் தலையை ஆட்டினான். அவனுக்கு மிச்சமிருந்தது அது ஒன்றுதான். வேண்டாம், வேண்டாம் என்று தலையணையில் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிக்கொண்டே இருந்தான். கண்ணீர் வரவில்லை, வருவதற்கு அவன் உடம்பில் தண்ணீர் இல்லை. அவன் விரல்கள் மட்டும் அவள் வைத்தது வைத்தபடி பிள்ளையைப் பிடித்துக்கொண்டிருந்தன. அவற்றை எடுக்க அவனால் முடியாது. அவள் அவன் நெற்றியில் முத்தமிட்டாள். கல்யாணமான பன்னிரண்டு வருஷத்தில் அவனை இவ்வளவு பிரியமாக ஒருநாளும் பார்த்ததில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

அவன் பிடித்த மண்ணோடு பிள்ளையை இறக்கினாள். மிதித்தாள். மழை முதல்தடவையாக அந்த இடத்தை நனைத்தது. புழுதி கறுத்து, குழைந்து, குமிழ் விட்டது.

திரும்பி வந்தபோது அவன் தூங்கிக்கொண்டிருந்தான். உதடு ஈரமாக இருந்தது. போர்வைக்கு வெளியே கிடந்த வலது கையின் ஆள்காட்டி விரல் அசைந்தது. ஆறு மாதத்தில் முதல்தடவை. அவள் நாற்காலியில் உட்கார்ந்து, சத்தம் போடாமல் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், அழுதாள். அப்புறம் ஒரு செம்பு தண்ணீர் குடித்தாள். தாகம் போகவில்லை. தெரிந்ததுதானே என்று இன்னொரு செம்பு குடித்தாள்.

அண்ணன் காலையில் வரவில்லை, தண்ணீர் ஏறிவிட்டது, போனும் செத்துவிட்டது. சாயங்காலம் சுகதன் எழுந்து உட்கார்ந்தான். மறுநாள் காலை அவன்தான் அவளை நாற்காலியிலிருந்து தூக்கிக் கட்டிலில் போட்டான். அந்தக் கைகளின் பலத்தில் அவளுக்கு உடம்பெல்லாம் பூரித்தது. அவன் ஒரு வார்த்தையும் பேசவில்லை. கோபம் என்று நினைத்தாள். இருக்காதா, கேட்காமல் செய்தாயிற்று. போகப் போகத் தணிந்துவிடும் என்று தன்னைத் தேற்றிக்கொண்டாள்.

அவன் நடந்தான். சுவரைப் பிடித்து, சின்னச் சின்ன எட்டாக. சுகதன் ஒருநாளும் அப்படி நடந்ததில்லை, சாரத்தில் நடந்து பழகிய கால் அது, அகல அகலமாக வைப்பான். ஆறு மாதம் கிடந்த உடம்பில்லையா. அடுக்களையில் பாத்திரம் உருட்டும் சத்தம் கேட்டது. எது எங்கே இருக்கும் என்று தெரிந்த கையின் சத்தம். இந்த வீட்டு அடுக்களைக்குள் சுகதன் ஒரு தடவைகூடப் போனதில்லை.

அவள் எழ முயன்றாள். கால் எழவில்லை. கை எழவில்லை. தலையை மட்டும் ஆட்ட முடிந்தது.

பின்கதவு திறந்தது.

ஜன்னல். மூன்று கம்பி. மதில். ஆள் உயரத்துக்கு நிற்கும் தென்னம்பிள்ளை, வாழைக்குருத்துப் பச்சை.

மழையில் அவன் வாளியோடு வந்தான். தலை நனைந்து ஒட்டியிருந்தது. முதுகைக் காட்டிக்கொண்டு குத்தவைத்து உட்கார்ந்தான். பொம்பளைகள் உட்காரும் விதமாக, வேட்டியை முழங்காலுக்கிடையில் செருகிக்கொண்டு. குவளையை வாளியில் முக்கினான். அடியைச் சுரண்டும் சத்தம். முக்கியதைத் தானே குடித்தான். மறுபடி முக்கிக் குடித்தான். மடக் மடக்கென்று, இருபது வருஷத் தாகத்தோடு.

அவள் கூப்பிட்டாள். சத்தம் வரவில்லை. நாக்கில் மண்.

குடித்து முடித்து அவன் குவளையை வைத்தான். தென்னம்பிள்ளையின் அடியிலிருந்து ஜன்னல் பக்கமாக, விரல்களை விரித்துச் சாண் போட்டான். ஒன்று. இரண்டு. ஈர மண்ணில் தடம் விழுந்தது. ஏழாவதில் குழி முடிந்தது. நிறுத்தி, யோசித்தான். பிறகு மண்வெட்டியை எடுத்து இன்னும் ஒரு சாணுக்குக் கோடு கிழித்தான். நேரான கோடு.

அப்புறம் திரும்பினான். அதே முகம். கன்னத்தில் சாரம் சரிந்தபோது பட்ட அதே தழும்பு. உதட்டோரம் சொட்டும் தண்ணீர். கம்பிக்கு அருகே வந்து, குனிந்து, அவளைப் பிரியமாகப் பார்த்தான்.

“மோளே,” என்றது அந்த வாய், சுகதனின் குரலில். “இங்க என்ன வைக்கலாம்?”